கார் டயரும் ஜாக்கியும்: ஈர மண்ணில் எடை எப்படி நிற்கிறது?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வரப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும். "டயர் வண்டி இறங்குமா, பெல்ட் வண்டிதான் சொல்லணுமா?" இரண்டுமே நெல் அறுக்கும் இயந்திரங்கள்தான். டயர் வண்டிக்கு வாடகை குறைவு. வயல் காய்ந்து கிடந்தால் அதுவே போதும். ஈரம் வற்றாத வயலில் டயர் வண்டி இறங்கினால் புதைந்து நின்றுவிடும். பெல்ட் வண்டி அதே சேற்றில் ஊர்ந்து போய் அறுத்துவிட்டு வரும். எடை இரண்டுக்கும் டன் கணக்குதான். பெல்ட் வண்டி தன் எடையை நீளமும் அகலமுமான இரண்டு பட்டைகளில் பரப்பி வைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வயல்காரர்கள் குதிகாலால் மண்ணை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தே எந்த வண்டி வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு டயரைப் பற்றியும் ஜாக்கியைப் பற்றியும் நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் இந்தக் குதிகால் கணக்குக்குள் அடங்கிவிடும். எவ்வளவு எடை, எவ்வளவு இடத்தில் நிற்கிறது? டயரில் காற்று ஏன் குறையக் கூடாது, எந்த மண்ணில் ஜாக்கி வைக்கக் கூடாது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் டயர். காரைத் தாங்குவது ரப்பர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான் தாங்குகிறது. ரப்பரும் அதற்குள் இருக்கும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை, அவ்வளவே. ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1,280 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 320 கிலோ வரும். டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ தாங்கும் அழுத்தம். 320ஐ 2.3 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 140 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை அளவு! நான்கு டயரும் தரையைத் தொடும் இடத்தைச் சேர்த்து வைத்தால் ஓர் ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை குடும்பத்தோடு போகும்போது நீங்கள் பிரேக் பிடிப்பதும் வளைவதும் இந்த ஒரு தாள் அளவு இடத்தை நம்பித்தான்.

இப்போது காற்று குறைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எடை மாறாது. அதனால் அந்த எடையைத் தாங்க டயர் இன்னும் அதிக இடத்தில் படிந்தாக வேண்டும். பக்கச் சுவர் மடிந்து வளையும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிந்து, மடிந்து விரிந்து ஓடும்போது டயர் சூடேறும். ஓர் இரும்புக் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுமே, அதே கதைதான். சித்திரை வெயிலில், முழுச் சுமையோடு, வேகமாகப் போகும் காரில் டயர் வெடிப்பதற்கு இது முக்கியமான காரணம். 'காற்று அதிகமானதால் வெடித்தது' என்று ஊரில் சொல்வார்கள். காற்று குறைந்து, சூடேறி, உள்நூல் பலமிழந்து வெடிப்பதுதான் அதிகம் என்பதை மனத்தில் வையுங்கள்.

எவ்வளவு காற்று வேண்டும்? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். அதில் முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, இரண்டு பேர் போனால் எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதுதான் உங்கள் எண். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பி.எஸ்.ஐ. எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்று அடிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு அடிக்கும் அளவும் உங்கள் காருக்கு ஆகாது.

அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது. காலையில் காரை எடுத்ததும், இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் பங்கில் பார்த்துவிடுவது நல்லது. நெடுந்தூரம் ஓடி வந்த டயரில் சூட்டினால் அழுத்தம் சில புள்ளிகள் கூடித்தான் காட்டும். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடும். 'அதிகமாக இருக்கிறதே' என்று அப்போது காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் டயர் ஆறியதும் குறைவாகிவிடும். பழுதில்லாத டயரிலேயே மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகக் குறையும் என்பதால் மாதம் இருமுறை பார்ப்பது போதும். வேளாங்கண்ணிக்கோ சென்னைக்கோ கிளம்புவதாக இருந்தால் முந்திய நாள் ஒருமுறை. நைட்ரஜன் அடித்தால் சற்று மெதுவாகக் குறையும். ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆகவே அதற்காகத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் கையடக்க அளவுமானி ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

டயரின் தேய்மானம் ஒரு மருத்துவர் நாடி பார்ப்பது போல நமக்கு நிறையச் சொல்லும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பிசகியிருக்கிறது. நம் ஊர்ச் சாலைகளில், பாலம் ஏறும் இடத்துக் குழிகளில் ஒருமுறை நன்றாக விழுந்து எழுந்தாலே அலைன்மென்ட் மாறிவிடும். ஸ்டியரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று நேரான, ஆளில்லாத சாலையில் மெதுவாகப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமன்) அல்லது ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டால் நான்கும் ஒரே சீராகத் தேயும்.

'பட்டன்' என்று பஞ்சர் கடையில் சொல்லும் அந்த ரப்பர்க் கட்டங்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்கள் தண்ணீர் வடிவதற்கானவை. வயலுக்கு வடிகால் எதற்கோ அதற்கேதான் இதுவும். புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். வாய்க்காலுக்குள் குனிந்து பார்த்தால் குறுக்கே சின்ன மேடு ஒன்று தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை முழுக்கத் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வடிகால் ஆழம் போதாத டயர் அந்தத் தண்ணீரை ஒதுக்க முடியாமல் அதன் மேலேயே மிதந்து ஓடத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், பிரேக் பிடித்தாலும் வண்டி கேட்காது. அதனால் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்ட டயரை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிட்டால் சாதாரண ஓட்டுநரால் காரைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

தேயாத டயருக்கும் வயதாகும். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுக்கொருமுறை கடையில் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆகிவிட்டால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் கார்களில்தான் இந்த ஏமாற்றம் நிறைய நடக்கிறது.

இனி முள். ஏரிக்கரை, ஆற்றங்கரை, புறம்போக்கு என்று எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமரத்தின் முள் கார் டயரையே துளைக்கும். வேலி வெட்டிச் சாலையோரம் போட்டிருக்கும் இடத்தில் காரை ஓரம் கட்டாதீர்கள். டியூப்லெஸ் டயரில் முள்ளோ ஆணியோ ஏறினால் உடனே காற்று போகாது. ஏறியது அடைப்பு மாதிரி அப்படியே நிற்கும். அதை நீங்களே பிடுங்காமல் பஞ்சர் கடை வரைக்கும் ஓட்டிப் போவது நல்லது. தரையில் படும் பகுதியில் விழுந்த ஓட்டையை ஒட்டலாம். பக்கச் சுவரில் விழுந்ததை ஒட்டவே கூடாது. பக்கச் சுவரில் கொழுக்கட்டை போல ஒரு புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள், அந்த டயரில் அதற்குப் பிறகு தூரப் பயணம் கிடையாது.

அடுத்து ஜாக்கி. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு.

ஓர் ஐப்பசி மாதம், வெண்ணாற்றுக் கரைச் சாலையில் மனைவியோடும் மகளோடும் வந்துகொண்டிருந்தேன். பின்பக்க இடது டயர் உட்கார்ந்துவிட்டது. நம் சாலைகளில் இடது ஓரமாக ஒதுங்கி நிறுத்தினால் இடதுபக்கச் சக்கரங்கள் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில்தான் நிற்கும். மண் மேலே காய்ந்து வெடித்திருந்தது. டயர் அதில் பதியவில்லை. டயரே பதியவில்லையே, ஜாக்கி மட்டும் பதியவா போகிறது என்று வைத்துச் சுற்றினேன். சக்கரம் தரையை விட்டு ஒரு விரல் அளவு எழும்பியதும் 'மொறுக்' என்று ஒரு சத்தம். ஜாக்கியின் அடித்தட்டு ஒரு பக்கம் மண்ணுக்குள் இறங்கி, ஜாக்கி சாய்ந்து, கார் அப்படியே நகர்ந்து உட்கார்ந்தது. நட்டு எதையும் அதுவரை கழற்றவில்லை, சக்கரம் அதன் இடத்திலேயே இருந்தது, அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மகள் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வயலில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மண்வெட்டியோடு மேலே ஏறி வந்தார். சாய்ந்து கிடந்த ஜாக்கியைப் பார்த்தார். "ஏன் தம்பி, நேத்து ராத்திரி பூரா தண்ணி நின்ன மண்ணு இது. பலகை போடாமயா ஏத்துனீங்க?" என்றார். "மேல காஞ்சிருந்துச்சுங்கய்யா" என்றேன். "மேல காஞ்சிருக்கும். ஒரு சாண் தோண்டிப் பாருங்க, களியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு பழைய கதவுப் பலகையை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஜாக்கியின் அடித்தட்டை அளந்தேன். 8 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், அதாவது 80 சதுர சென்டிமீட்டர். 320 கிலோவை அதில் நிறுத்தினால் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ. டயர் தந்த அழுத்தம் 2.3தான். டயர் பதியாத மண்ணில் ஜாக்கி பதிந்ததற்கு இதுதான் விடை. அதற்கு அடியில் ஓர் அடிக்கு ஓர் அடி பலகை போட்டால் இடம் 900 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அழுத்தம் அரைக் கிலோவுக்கும் கீழே வந்துவிடுகிறது. பலகை வளையாத தடிமனில், ஒன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும். மெல்லிய பலகை வளைந்துகொடுத்தால் எடை மறுபடியும் நடுவிலேயே குவிந்துவிடும். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் ஜாக்கிக்கு அடியில் வைக்காதீர்கள். அவை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் படீரென்று உடையும்.

பலகை இருந்தாலும் முதல் வேலை நல்ல இடம் தேடுவது. டயர் உட்கார்ந்துவிட்டது தெரிந்தால் அபாய விளக்கைப் போட்டு, நடக்கும் வேகத்தில் சில நூறு மீட்டர் ஓட்டிப் போகலாம். டயர் வீணாகலாம், போகட்டும். ரேஷன் கடை வாசல், பெட்ரோல் பங்க், நெல் காயவைக்கும் சிமென்ட் களம், எதுவானாலும் சமமாகவும் கெட்டியாகவும் இருந்தால் சரி. சரிவான கரையிலும் வளைவிலும் வேண்டாம்.

எல்லோரையும் இறக்கி, போக்குவரத்து இல்லாத பக்கம், காரை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காரோடு வந்த சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் 50 மீட்டர் தூரத்தில் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரிலும் போட்டு வையுங்கள். இரண்டும் எதற்கு என்று கேட்பீர்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும். பின்பக்கம் ஒன்றைத் தூக்கிவிட்டால் மிச்சம் ஒரே ஒரு சக்கரம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கியர் பிடிப்பது பெரும்பாலான சின்னக் கார்களில் முன் சக்கரங்களை. முன்பக்கம் ஒன்றைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு) வழியாக மற்றதும் சுற்ற இடம் கிடைத்துவிடும், கியர் பிடித்தும் பயனில்லை. ஆகவே இரண்டும் போட்டு, தூக்கும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து முட்டுக் கொடுங்கள். அது முடிந்த பிறகுதான் ஜாக்கியைக் கையில் எடுக்க வேண்டும்.

காரைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள், இடப்பக்கமாக. சக்கரம் தரையில் இருக்கும்வரை தரையே அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தில் ஸ்பேனரைப் போட்டு உந்தினால் காரே ஜாக்கியிலிருந்து நழுவும்.

ஜாக்கி வைக்கும் இடம் எது என்று கண்டுபிடிக்கக் கதவுக்குக் கீழே விரலை ஓட்டிப் பாருங்கள். தகடு மடிந்து இறங்கும் விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், இரண்டு சின்ன வெட்டுகள் கைக்குத் தட்டுப்படும். அந்த இரண்டு வெட்டுக்கு நடுவில் ஜாக்கித் தலையின் பள்ளம் உட்கார வேண்டும். அங்கே மட்டும் தகடு கனமாகச் செய்யப்பட்டிருக்கும். பம்பர், தரைத்தகடு, ஆயில் சேம்பர் இவற்றில் கொடுத்தால் நசுங்கும். ஜீப் வகை வண்டிகளுக்கு இடம் வேறு, கையேட்டில் படம் இருக்கும். ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா என்று தள்ளி நின்று ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். சாய்கிறது என்று தெரிந்தால் அடித்துச் சரிசெய்யப் பார்க்காமல், முழுவதும் இறக்கி மறுபடி வையுங்கள்.

சக்கரம் லேசாகத் தரையை விட்டதும் ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, காருக்கு அடியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். ஜாக்கி நழுவினாலும் கார் அதன் மேல் உட்காரும், தரையில் மோதாது. சக்கரத்தைக் கழற்றியதும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளலாம். கை, கால், தலை எதுவும் காருக்கு அடியில் போகவே கூடாது. ஒரு நட்டு உருண்டு உள்ளே போய்விட்டால் குச்சியால் தள்ளி எடுங்கள். அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய வேலை என்றால் அதற்கு ஜாக் ஸ்டாண்டு என்ற இரும்பு முக்காலி வேண்டும், காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மாதிரி உப்புக்காற்று வீசும் ஊர்க் கார்களில் நட்டைக் கழற்றிய பிறகும் சக்கரம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வராது. எட்டி உதைக்காதீர்கள், ஜாக்கியில் நிற்கும் கார் அது. நட்டுகளை மறுபடி மாட்டி, ஒரு சுற்று தளர்வாக விட்டு, காரை இறக்கிக் கையால் இப்படியும் அப்படியும் அசைத்தால் துரு விட்டுக்கொடுக்கும்.

ஸ்டெப்னியை மாட்டும்போது நட்டின் கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் விரலாலேயே முடிந்தவரை சுற்றுங்கள். மரைக்கு எண்ணெய் போட வேண்டாம். பிறகு ஸ்பேனரால் ஒன்று, அதற்கு எதிரே ஒன்று என்று மாற்றி மாற்றி முறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் சாயாமல் உட்காரும். காரை இறக்கிய பிறகு அதே வரிசையில் நன்றாக இறுக்குங்கள். கையால் ஸ்பேனரை முழுப் பலத்தோடு இழுத்தால் போதும். ஏறி நின்று மிதித்தால் போல்ட்டு நீண்டு, அடுத்த முறை அறுந்துவிடும்.

ஸ்டெப்னி மற்ற நான்கை விட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிகச் சக்கரம், அதில் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் 80 கிலோமீட்டர் என்றிருக்கும். பஞ்சரான டயரை அன்றைக்கே கடையில் கொடுத்து, கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். காற்றில்லாமல் ஓடியிருந்தால் உள்ளே பக்கச் சுவர் அரைந்து கறுப்பு மாவு போல உதிர்ந்திருக்கும். அப்படி இருந்தால் ஒட்டிப் பயனில்லை. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் காரை நிறுத்தி, மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை ஸ்பேனரால் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.